பூச்சில் தெரிந்த ஊதா இழைகள்

ஆய்வுக்கூடப் பணியாளர்கள் ஆண்டுதோறும் கொண்டுவரும் மலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி அதன் பொறுப்பாளர் கேட்டார். இப்போது இரத்த அணுக்களையெல்லாம் இயந்திரமே எண்ணிவிடுகிறது, கண்ணாடித் தகட்டை எடுத்துப் பார்ப்பவர் குறைந்துவிட்டார்கள், ஆகவே ‘பழைய கேஸ் ஒன்று’ இருந்தால் நன்றாயிருக்கும் என்றார். இயந்திரத்தின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. என் கண்ணைவிட அது நேர்மையாக எண்ணுகிறது. நான் எழுத ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு. சென்ற தை மாதம் என் மனைவி விசாலாட்சி காலமானாள். அவளுக்கும் அந்தப் பழைய கேஸுக்கும் உள்ள தொடர்பைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் நோய்க்குறியியல் படித்தது சென்னையில். இரத்தம் உறைவதை ஒரு பேராசிரியர் நடத்தினார். வெள்ளணுக்களை மற்றொருவர் நடத்தினார். முதலாமவரின் பாடத்தில் தட்டணுக்கள் ஓடிவந்து காயத்தை அடைக்கும். புரதங்கள் ஒன்றையொன்று எழுப்பிவிட்டு, இறுதியில் நாராகத் திரியும். இரண்டாமவரின் பாடத்தில் வெள்ளணுக்கள் கிருமியைத் தேடிப் போய் விழுங்கி, செத்து, சீழாகும். இருவரின் அறைகளும் ஒரே தாழ்வாரத்தில் எதிரெதிராக இருந்தன. ஒருவர் அறைக்குள் மற்றவர் போய் நான் பார்த்ததில்லை. அவர்கள் நடத்திய பாடங்களும் அப்படியே என் தலைக்குள் எதிரெதிர் அறைகளில் பல ஆண்டுகள் குடியிருந்தன.

வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமான 1989இல், செங்கம் சாலையில் இருந்த ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் சேர்ந்தேன். அறுபது படுக்கை. அந்த மருத்துவமனை இன்று இல்லை. அதே கட்டடத்தில் வெளிநாட்டினர் தங்கும் விடுதி நடக்கிறது. என் நுண்ணோக்கி இருந்த இடத்தில் இப்போது காப்பி இயந்திரம் இருப்பதாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

தலைமை மருத்துவர் டாக்டர் கமலவேணி. ஐம்பதைக் கடந்தவர், குள்ளமான உருவம், வெள்ளைக் கோட்டின் பையில் எப்போதும் ஒரு கைக்குட்டையும் ஓர் எலுமிச்சம்பழமும் இருக்கும். பழம் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. பிற மருத்துவர்கள் ஆய்வுக்கூடத்துக்குச் சீட்டுதான் அனுப்புவார்கள்; இவர் நடந்தே வருவார். வந்ததும் பேசமாட்டார். நான் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்கும் வரை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பிறகு, “என்னங்க தெரியுது?” என்பார். ரிப்போர்ட் என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. முதல் வாரத்தில் நான் நோயின் பெயரைச் சொன்னபோது கையை உயர்த்தித் தடுத்தார். “அது நீங்க நெனைச்சது. பாத்ததை மொதல்ல சொல்லுங்க. நெனைச்சதை அப்புறம் கேட்டுக்கறேன்.” அப்போது எனக்கு முப்பத்தாறு வயது, பட்டமேற்படிப்பில் பதக்கம் வாங்கியவன். அந்தச் சொல் உறைத்தது. ஆனால் அதைக் கடைப்பிடிக்க வேண்டிய நாளில் தவறினேன்.

ஆய்வுக்கூடத்தில் என்னுடன் வேலை பார்த்தவர் தேவகி. கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலைதான் ஊர். மல்லாட்டை என்னும் நிலக்கடலை பயிரிடும் குடும்பம். அந்தத் தெருவில் டிப்ளமா படித்த முதல் பெண். இரத்தப் பூச்சு, அதாவது ஸ்மியர், இழுப்பதில் அவர் கை அபாரமானது. தகட்டின் ஓரத்தில் ஒரு துளி இரத்தம். அதன்மேல் இன்னொரு தகட்டைச் சாய்த்துத் தொட்டு, துளி விளிம்பெங்கும் பரவும் வரை பொறுத்து, ஒரே தள்ளு. தயங்கினால் வரி விழும். அழுத்தினால் அணுக்கள் நசுங்கும். அவர் இழுத்தது நாக்கின் வடிவில் வந்து, நுனியில் இறகுபோல் மெலிந்து முடியும். காற்றில் விசிறி உலர்த்தி, சாயம் ஊற்றி, இரண்டு நிமிடம் கழித்து அதன்மேல் தண்ணீர் கலப்பார். எங்கள் ஊர் போர் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி. அதைக் கலந்தால் தகடெங்கும் நீலப் பொடி படியும். அதனால் பேட்டரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீரைத்தான் வாங்குவோம். “பஸ்ஸுக்கு ஊத்தறதத்தான் நாங்க ரத்தத்துக்கு ஊத்தறோம்” என்று கடைக்காரரிடம் தேவகி சொல்லி, அவரை ஒருமுறை கலங்கடித்திருக்கிறார்.

நான் சொல்ல வந்த நாள், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்ரா பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகக் காலையிலேயே சாலைகளை அடைக்கத் தொடங்கிவிட்டார்கள். முழுவதும் அடைப்பதற்குச் சற்று முன், எட்டரை மணிக்கு, ஓர் ஆட்டோவில் அஞ்சலையைக் கொண்டுவந்தார்கள். இருபத்து நான்கு வயது. வீட்டிலேயே பிரசவமாகி ஒன்பதாவது நாள். ஐந்து நாளாகக் குளிர் காய்ச்சல். இடது கால் தொடையிலிருந்து பாதம் வரை வீங்கி, தோல் பளபளத்தது. கணவன் முருகேசன் வாயே திறக்கவில்லை. பேசியதெல்லாம் மாமியார்தான்.

“எம்மா டாக்டரம்மா, கொழந்த நல்லாகீது. இவதான் கால தூக்க மாட்டேன்றா. சோம்பேறித்தனம்னு நெனைச்சிட்டேன், என் வாயில மண்ண போட. எப்டியாவது எழுப்பி உட்ருமா.”

காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது என்பது கமலவேணிக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் நொடியில் முடிந்துவிடும். உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, போடுவதற்கு முன் இரத்தத்தை எனக்கு அனுப்பினார். தட்டணுக்கள் போதிய அளவு இருந்தால் ஊசி அவளைக் காக்கும். குறைந்திருந்தால் அதே ஊசி அவளை இரத்தப் பெருக்கில் கொன்றுவிடும். ஆக, அந்த முற்பகலில் அஞ்சலையின் உயிர் நான் எழுதப்போகும் ஒரு வரியில் இருந்தது.

ஒன்பது மணிக்கு முதல் பூச்சைப் பார்த்தேன். வெள்ளணுக்கள் ஏராளமாக இருந்தன. தட்டணுக்கள் அங்கங்கே ஒன்றிரண்டுதான். மீதி கொத்துக்கொத்தாகத் திரண்டிருந்தன. அந்தக் கொத்துகளினூடே மெல்லிய இழைகள் ஓடின. சிலந்தி பாதியில் விட்டுப்போன வலைபோல, ஒரு வெள்ளணுவின் சிதைந்த உடலிலிருந்து தொடங்கி அடுத்ததைத் தாண்டி நீண்டன. நிறம் ஊதா. வெள்ளணுவின் உட்கரு எந்த ஊதாவோ, அதே ஊதா.

இவ்வளவும் பார்த்தேன். ஆனால் எழுதியது இது: “பூச்சு சரியில்லை. அணுக்கள் நசுங்கி இழையாகியுள்ளன. தட்டணுக்கள் திரண்டிருப்பதால் குறைவு உண்மையானதன்று. மீண்டும் அனுப்பவும்.” தரக் குறிப்பேட்டில் இன்னொரு வரியும் எழுதினேன்: “பூச்சுக் குறை — தேவகி.”

பத்து மணிக்கு இரண்டாவது பூச்சு வந்தது. அதிலும் அதே இழைகள்.

“என்னம்மா இது? தகட்டை எதால் துடைக்கிறாய்?” என்றேன்.

“எப்பவும் துடைக்கிற துணிதான் சார்.”

“கை அழுத்துகிறது. திருவிழாக் கூட்டத்தில் மனம் இங்கே இல்லை போலிருக்கிறது.”

தேவகி தகட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அவர் முகம் சிறுத்ததை நான் பார்த்தேன், அதையும் எழுதிவைக்கவில்லை.

பதினொன்றரைக்கு அவர் ஒரு தட்டில் நான்கு தகடுகளைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். “பேர் எழுதல சார். நெம்பர்தான் போட்டிருக்கேன். பாத்துச் சொல்லுங்க.”

ஒன்றிலும் மூன்றிலும் இழைகள் இருந்தன. இரண்டும் நான்கும் தெளிவாக இருந்தன, பாடநூலில் அச்சிடலாம். அப்படியே சொன்னேன்.

“ஒண்ணும் மூணும் அஞ்சலைது. நாலு, எதிர் வார்டுல இருக்கிற டைஃபாய்டு தாத்தாது. ரெண்டு என்னுது.” அவர் இடது மோதிரவிரலைக் காட்டினார். நுனியில் பஞ்சு ஒட்டியிருந்தது. “அதே துணி, அதே சாயம், அதே கை. அழுத்தறது என் கையா இருந்தா என் ரத்தமும்தான் நசுங்கணும். இது அந்தப் பொண்ணு ரத்தத்துல மட்டுந்தான் வருது சார்.”

நான் ஒன்றாம் எண் தகட்டை மீண்டும் நுண்ணோக்கியில் வைத்தபோது, பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. கமலவேணி. எவ்வளவு நேரமாக நின்றாரோ.

“என்னங்க தெரியுது?”

“பூச்சில் சிறிய குறை மேடம். நசுங்கிய அணுக்கள்—”

“அது நெனைச்சது.”

நான் நாற்காலியிலிருந்து எழுந்து அவருக்கு இடம் விட்டேன். அவர் உட்கார்ந்து, திருகைத் திருப்பி, வெகுநேரம் பார்த்தார்.

“இந்த நூல் என்ன?”

“தெரியவில்லை, மேடம்.” அன்று காலையில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

“தட்டணு அதுல போய் ஒட்டிட்டு இருக்கே. அழுக்குல இப்படிப் போய் ஒட்டுமா?” பிறகு தேவகியின் பக்கம் திரும்பினார். “நீ என்னம்மா நெனைக்கிறே?”

தேவகி மேசையோரத் தாங்கியிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். நிலத்தில் விரியன் கடித்து வருபவர்களுக்கு நாங்கள் செய்யும் சோதனை ஒன்று உண்டு. சுத்தமான குழாயில் சிறிது இரத்தம் விட்டு, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்து, பின் சாய்த்துப் பார்ப்போம். உறைந்திருந்தால் விஷம் ஏறவில்லை. தேவகி குழாயைச் சாய்த்தார். அஞ்சலையின் இரத்தம் தண்ணீர்போல் சுவர் வழியே ஓடியது.

“யாரும் கேக்கல, நானாத்தான் வெச்சேன் மேடம். காலைல மொதல்ல எடுத்தப்போ ஊசிக்குள்ளயே கட்டிக்கிச்சு. இப்ப இருவது நிமிசம் ஆயும் கட்டல. விரியன் கடிச்ச மாதிரி இருக்குது. ஆனா எதுவும் கடிக்கல.”

கமலவேணி எலுமிச்சம்பழத்தை எடுத்து இரு கைகளாலும் உருட்டினார். அது யோசிப்பதற்கு என்று அன்று தெரிந்துகொண்டேன். “கால்ல கட்டிக்கிட்டு கெடக்கு, கொழாயில கட்ட மாட்டேங்குது. அப்போ கட்டறதுக்கு வேண்டிய சரக்கெல்லாம் உள்ளயே செலவாயிட்டிருக்கு. செலவு பண்ண வைக்கறது எது? காய்ச்சல். காய்ச்சல் எங்க உக்காந்திருக்கு?” பழம் நின்றது. “கருப்பைல ஏதோ தங்கியிருக்கு. ஊசி வேண்டாம். அதை எடுக்கணும். எடுக்கும்போது ரத்தம் கொட்டும். புது ரத்தம் வேணும்.”

வேலூர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வழியில்லை. சாலை முழுவதும் மனிதர்கள். ஆனால் அந்த மனிதர்களே எங்கள் வழியாக ஆனார்கள். முருகேசன் மருத்துவமனை வாசலில் போய் நின்று, அதுவரை திறக்காத வாயைத் திறந்தான். “ஓ பாசிட்டிவ் யாராச்சும் இருக்கீங்களா? என் பொண்டாட்டிக்கு ரத்தம் வேணும்!” நண்பகல் வெயிலிலேயே மலையைச் சுற்றத் தொடங்கியிருந்தவர்களில் பதினோரு பேர் வெறுங்காலுடன் உள்ளே வந்தார்கள். பொருத்தம் பார்த்து, சோதித்து, ஐந்து பேரிடம் எடுத்தோம். அதில் ஒருவர், “விரதம் இருக்கேன், ஒண்ணும் சாப்பிடல, பரவால்லியா?” என்று கேட்டார். தேவகி அதட்டினார்: “சாமி ஒண்ணும் நெனைச்சுக்காது, மொதல்ல இந்த பிஸ்கட்ட துன்னுங்க.”

மூன்று மணிக்குக் கமலவேணியும் மகப்பேறு மருத்துவரும் அறுவை அறைக்குள் போனார்கள். நஞ்சுக்கொடியின் ஒரு துணுக்கு, என் கட்டைவிரல் அளவு, அழுகி ஒட்டியிருந்தது. எடுத்தார்கள். இரத்தம் கொட்டியது. ஏற்றினோம். மாலை ஆறரைக்கு மீண்டும் ஒரு குழாயில் இரத்தம் எடுத்துவைத்தார் தேவகி. நாங்கள் மூவரும் அதைப் பார்க்காததுபோல் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். இருபதாவது நிமிடம் சாய்த்தார். அடியில் ஒரு மெல்லிய பாளம் நின்றது. முழுதாக அல்ல, ஆனால் நின்றது.

அதன் பிறகு தினமும் அஞ்சலையின் பூச்சைப் பார்த்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது, இழைகள் குறைந்தன. ஆறாம் நாள் ஒன்றுகூட இல்லை. தட்டணுக்கள் திரும்பிவந்து சாதுவாகச் சிதறிக் கிடந்தன. அதன் பின்னரே இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தைச் சிறு அளவில் தொடங்கினார்கள். காய்ச்சலுக்கும் உறைதலுக்கும் நடுவே அந்த ஊதா நூல்தான் ஓடுகிறது என்று என் கண் சொன்னது. நான் படித்த எந்தப் புத்தகமும் அதைச் சொல்லவில்லை. முதல் நாள் தகட்டைக் காகிதத்தில் மடித்து என் மேசையில் வைத்துக்கொண்டேன்.

பௌர்ணமியன்று வீடு திரும்பியதும் விசாலாட்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளியில் கணக்கு ஆசிரியை அவள். விடையைவிட வழியைத்தான் பார்ப்பாள். முழுவதும் கேட்டுவிட்டு, “தேவகிகிட்ட சொன்னீங்களா?” என்றாள்.

“குறிப்பேட்டில் அந்த வரியை அடித்துவிட்டேன்.”

“நீங்க அடிச்ச கோடு அவ காதுல விழுமா?”

விழாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை. மேலதிகாரி கீழ்ப்பணியாளரிடம் தவறை ஒப்புவது வழக்கமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாள் போகப் போகச் சொல்வது இன்னும் கடினமாயிற்று. இப்படியே பத்தாண்டு கடந்தது.

இரண்டாயிரங்களின் நடுவில், ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னால், ஒரு மருத்துவ இதழில் படம் ஒன்றைப் பார்த்தேன். மின்னணு நுண்ணோக்கியில் எடுத்த படம். வெள்ளணுக்களில் மிகுதியானதும் ஆயுள் மிகக் குறைந்ததுமான நியூட்ரோபில், கிருமியைக் கண்டதும் விழுங்குவதோடு நிற்பதில்லை. சில வேளைகளில் தன் உட்கருவையே அவிழ்த்துவிடுகிறது. உள்ளே சுருட்டி வைத்திருக்கும் மரபிழையை, அதாவது டி.என்.ஏ.வை, வெளியே வலையாக வீசுகிறது; கிருமிகள் அதில் சிக்கிக்கொள்கின்றன; அணு பெரும்பாலும் அத்துடன் மடிகிறது. பின்வந்த ஆண்டுகளில் மேலும் தெரியவந்தது: அந்த வலையில் தட்டணுக்களும் சிவப்பணுக்களும் சிக்குகின்றன, அதையே கட்டடச் சாரம்போல் பற்றிக்கொண்டு இரத்தம் உறைகிறது. வேறொரு வெள்ளணு, உறைதலைத் தொடங்கிவைக்கும் பொருளையே தன் மேல் ஏந்தி வருகிறது. கிருமி பரவாமல் அது இருக்கும் இடத்திலேயே அடைத்துவிட உடல் கண்ட வழி இது. அளவோடு நின்றால் காவல். மீறினால் அதுவே நோய்.

அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணுக்கே தெரியாத ஓர் அணுவின் உட்கருவில் இருக்கும் இழையை நீட்டினால் ஓர் ஆள் உயரத்தை மிஞ்சும். ஒரு நாள் வாழ்வதற்காகப் பிறந்த அணு, தான் இன்னது என்று எழுதப்பட்டிருக்கும் ஏட்டையே கிழித்து எறிந்து வழியை மறிக்கிறது. என் இரண்டு பேராசிரியர்களின் அறைகளுக்கும் நடுவே கதவு எப்போதும் திறந்தேதான் இருந்திருக்கிறது. நான் அதைத் தகட்டில் பார்த்தேன். பார்த்துவிட்டு, துடைத்த துணியைக் குற்றம் சொன்னேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அன்று நான் பார்த்தது இந்த வலைதான் என்று உறுதிப்படுத்தச் சிறப்புச் சாயங்கள் வேண்டும். எங்களிடம் அவை இல்லை. நசுங்கிய அணுவும் சில நேரம் அப்படித் தோன்றும். ஆனால் தேவகியின் விரலிலிருந்து வந்த இரண்டாம் எண் தகடு எனக்குப் போதுமானது.

மறுநாள் அந்த இதழையும் பழைய தகட்டையும் எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன். தேவகி படத்தைப் பார்த்தார். தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அப்போ அது அழுக்கில்ல.”

“இல்லை. உன் கையும் அழுத்தவில்லை. நான் சொன்னது தவறு, தேவகி.”

அவர் சிரித்துவிட்டார். “பத்து வருசம் ஆச்சு சார். ரிப்போர்ட் இவ்ளோ லேட்டா குடுத்தா பேஷன்ட் சும்மா உடுவாங்களா?”

அன்று மாலை விசாலாட்சி, “இப்பவாவது சொன்னீங்களே” என்றாள். அவ்வளவுதான்.

சென்ற மார்கழிக் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது, நுரையீரலில் தொற்று. நான்காம் நாள் மூச்சு திணறியது. பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். படம் எடுத்துப் பார்த்ததில் நுரையீரல் தமனியில் இரத்தக் கட்டி இருந்தது. அஞ்சலைக்கு இல்லாத மருந்துகள் எல்லாம் விசாலாட்சிக்கு இருந்தன. எல்லாமே உரிய நேரத்தில் தரப்பட்டன. யார் மேலும் குறை சொல்ல இடமில்லை. அவளுடைய இரத்தப் பூச்சைப் பார்க்கலாமா என்று கேட்டேன். என் தொழிலை அறிந்த இளம் மருத்துவர் அனுமதித்தார். ஆய்வுக்கூடத்தில் இருந்த பெண் தகட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தயங்கினாள்.

“சார், ஸ்மியர் சரியா வரல. நூல் நூலா இருக்கு. வேற போட்டுத் தந்துடறேன் சார், சாரி.”

“வேண்டாம் அம்மா. சரியாகத்தான் வந்திருக்கிறது” என்றேன்.

முப்பத்தெட்டு ஆண்டு என்னுடன் வாழ்ந்தவளின் அணுக்கள், தமக்குள் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து வீசியிருந்தன. தகட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஊதா. அழகாக இருந்தது என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் பார்த்ததை முதலில் சொல்ல வேண்டும் என்பது நான் கற்ற முறை. அழகாக இருந்தது. தை மூன்றாம் நாள் அவள் இறந்தாள்.

காரியத்துக்குத் தேவகி வந்திருந்தார். அவரும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். எல்லோரும் போனபின் என் எதிரே உட்கார்ந்தார்.

“அம்மாது ஸ்லைடு பாத்தீங்களா சார்?”

“பார்த்தேன்.”

“இருந்துச்சா?”

“இருந்தது.”

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

“ஸ்மியர் போட்ட பொண்ண யாரும் திட்டலியே சார்?”

“இல்லை” என்றேன். “நான் பக்கத்திலேயே இருந்தேன்.”